சிங்காரவேலுவின் மூன்று நாடாக்கள்

செஞ்சியில் அது எந்த அலுவலகம் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். சொன்னால் வம்பு. கடைத்தெருவிலிருந்து கூப்பிடு தூரம், அவ்வளவுதான். அங்கே சிங்காரவேலு என்று ஒரு குமாஸ்தா இருந்தார். அறுபத்து நாலாம் வருஷம் அவர் மேஜையில் காகிதம் கழுத்தளவுக்கு ஏறிவிட்டது. கிணற்றுக் கடன், பம்ப்செட்டு, பட்டா மாற்றம், ரேஷன் அட்டை, சான்றிதழ், எல்லாம் ஒரே ஆள் தலையில். சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்தால்கூட, "எத மொதல்ல எடுக்கறது, எத மொதல்ல எடுக்கறது" என்று முனகுவார்.

"மொதல்ல சோத்த எடுங்க, ஆறிப்போவுது" என்பாள் மனைவி ஞானம்பாள்.

ஒருநாள் அவருக்கு ஞானோதயம் பிறந்தது. மூன்று நிறத்தில் நாடா வாங்கி வந்தார். இன்றே முடிக்க வேண்டியதற்குச் சிவப்பு. இந்த வாரத்துக்குள் என்றால் மஞ்சள். எப்போது வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்றால் பச்சை. அடடா, என்ன மூளை! அதிகாரியே முதுகில் தட்டிக் கொடுத்தார். இனிமேல் சிவப்பு நாடாவைப் பார்த்தால்தான் பேனாவைத் திறப்பேன் என்றும் சொல்லிவிட்டார்.

அன்று முதல் சிங்காரவேலு காலை பத்து மணிக்கு உட்கார்ந்து கட்டுகளைப் பிரித்து, நிறம் பார்த்து, நாடா மாற்றி, பட்டியல் எழுதுவார். எழுதி முடிக்க மத்தியானம் ஒரு மணி ஆகிவிடும். சாப்பிட்டு வந்தால் புதுத் தபால் வந்திருக்கும். காலைப் பட்டியல் வீண். மறுபடி பிரிப்பார். சாயங்காலம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கும்போது, பட்டியல் முத்து முத்தாக இருக்கும். வேலை இருந்த இடத்தில் இருக்கும்.

சிவப்பு யாருக்குக் கிடைக்கும்? அதிகாரி இரண்டு முறை கேட்டதற்குக் கிடைக்கும். வல்லத்துப் பெரிய மனுஷர் ஜீப்பில் வந்து இறங்கினால் அவர் உட்காருவதற்குள் கிடைக்கும். வாசலில் நின்று கத்தத் தெரிந்தவனுக்கும் கிடைக்கும். பச்சை கட்டினதெல்லாம் பீரோவுக்கு மேலே போகும். போனது போனதுதான்.

மீனம்பாளுக்குக் கத்தத் தெரியாது. சிங்கவரத்தில் கடலைக் கொல்லையில் கூலி வேலை செய்யும் ஆதிமூலத்தின் மகள். அவர்கள் தெருவில் எஸ்.எஸ்.எல்.சி. தேறிய முதல் பெண். விழுப்புரத்தில் ஆசிரியப் பயிற்சிக்கு இடம் கிடைத்துவிட்டது. சாதிச் சான்றிதழ் ஒன்றுதான் பாக்கி. வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் அதைக் கொண்டுபோய்க் காட்டாவிட்டால் இடம் அடுத்த பெண்ணுக்குப் போய்விடும்.

சிங்காரவேலு மனுவைப் படித்தார். விசாரணை அறிக்கை சேர்ந்தே இருந்தது. இரண்டு வரி எழுதி, ஒரு கையெழுத்து வாங்கி, முத்திரை குத்தினால் தீர்ந்தது.

"இன்னாம்மா இது, அஞ்சு நிமிஷ வேலை! இதுக்குப் போய் இன்னாத்துக்கு அவசரப்படுறே?" என்றார். அஞ்சு நிமிஷ வேலையை எப்போது வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் அல்லவா? பச்சை கட்டி மேலே வைத்தார்.

அவள் தினமும் சிங்கவரத்திலிருந்து நடந்து வந்தாள். "ஐயா, என்னோடது…" என்று ஆரம்பிப்பாள். "பட்டியல்ல இருக்குதும்மா, எங்கியும் ஓடிப்போவாது" என்பார் அவர். சும்மா சொல்லக்கூடாது, பட்டியலைத் திருப்பி அவளுக்கே காட்டுவார். பச்சையில் முப்பத்தொன்றாவது. மறுநாள் முப்பத்து நாலாவது. பின்னால் வந்தவர்களெல்லாம் அவளைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வரும். அழுதால் மட்டும் நிறம் மாறிவிடுமா என்ன?

பத்து நாள் இப்படியே போயிற்று. வெள்ளிக்கிழமை காலை அவள் வந்தபோது சிங்காரவேலு காப்பி குடிக்கப் போயிருந்தார். பியூன் தனகோட்டி மட்டும் ஸ்டூலில் குந்தியிருந்தான்.

"அண்ணே, இன்னிக்குத்தான் கடைசி நாளு. ஒரு மணி பஸ்ஸ உட்டா அவ்ளோதான்."

தனகோட்டி அவளை ஏற இறங்கப் பார்த்தான். எழுந்து, பீரோ மேலிருந்து அவள் மனுவைத் தேடி எடுத்துத் தூசி தட்டி மேஜையில் போட்டான். "இதப் படிக்கிற ஆளு இங்க யாரும் இல்ல பாப்பா. நாடாவத்தான் பாக்கறாங்க. நான் தண்ணி குடிச்சிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போனான்.

மீனம்பாள் ஒரு நிமிஷம் நின்றாள். அப்புறம் பச்சை நாடாவை உருவினாள். தன் பின்னலிலிருந்த சிவப்பு ரிப்பனை அவிழ்த்து மனுவில் கட்டினாள். அவளுக்குப் போடத் தெரிந்தது அந்த ஒன்றுதான், பூ மாதிரி ஒரு முடிச்சு.

சிங்காரவேலு திரும்பி வந்தார். சிவப்பைக் கண்டார். "ஐயையோ" என்று பதறிப்போய் உட்கார்ந்தார். இரண்டு வரி எழுதினார், அதிகாரி அறைக்கு ஓடினார். அவரும் சிவப்பைப் பார்த்துப் பேனாவைத் திறந்தார். முத்திரை விழுந்தது. சுவர்க் கடிகாரத்தில் நாலு நிமிஷம்கூட ஆகியிருக்கவில்லை.

சான்றிதழை நீட்டும்போது அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை. "பாத்தியாம்மா? முறைன்னு ஒண்ணு இருந்தா வேலை தானா நடக்குது."

"ஆமாங்க ஐயா" என்றாள் மீனம்பாள். சான்றிதழை வாங்கிய பிறகும் நீட்டிய கையை மட்டும் அவள் மடக்கவில்லை. "அந்த ரிப்பன் என்னுதுங்க. குடுத்தீங்கன்னா தலைய முடிஞ்சிக்குவேன். பஸ்ஸுக்கு நேரமாவுது."

சிங்காரவேலு தன் கையிலிருந்த ரிப்பனைப் பார்த்தார். தேங்காயெண்ணெய் வாசனை அடித்தது. அவள் அதை வாங்கி, அங்கேயே நின்று பின்னலை முடிந்துகொண்டு, படியிறங்கி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஓடினாள்.

சிங்காரவேலு நாற்காலியில் சாய்ந்தார். தலையைத் தூக்கிப் பீரோவுக்கு மேலே பார்த்தார். அங்கே நாற்பது பச்சைக் கட்டு இருந்தது. ஒவ்வொன்றும் அஞ்சு நிமிஷ வேலை. இதை இப்படியே விடக்கூடாது என்று தீர்மானித்தார்.

"டேய் தனகோட்டி! நாளையிலேருந்து உள்ள வர்ற பொம்பளைங்க தலையில ரிப்பன் இருக்குதான்னு பாத்துத்தான் உடணும். வரும்போது எத்தினி, போவும்போது எத்தினின்னு ஒரு நோட்டுல எழுதணும்."

உடனே உட்கார்ந்து அந்த நோட்டுக்குக் கோடு போட ஆரம்பித்தார். அதற்குச் சிவப்பு நாடா கட்டினார்.