சேங்கொட்டைத் தழும்பு

அம்மைப்பால் குத்தப் போகிறவள் முதலில் பழக வேண்டியது கத்தியை அல்ல, முகத்தில் அறைந்து சாத்தும் கதவை. கம்பம் பள்ளத்தாக்கில் என்னைப்போல் இந்த வேலைக்கு அலைந்தவர்கள் யாரேனும் மிஞ்சியிருந்தால், இதைப் படித்துவிட்டுப் பல்லைக் கடிப்பார்கள்.

மறந்த குடை

தேவாரம் ஊரில் வீராயி மகள் பேச்சிக்குக் கையில் கீறிப் பால் வைத்தேன். தெருமுனை போனதும் குடையை மறந்தது தெரிந்து திரும்பினேன். அதற்குள் வீராயி வேப்பிலையும் மஞ்சளும் அரைத்து, அந்தக் கீறலைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கொப்புளம் வரணும், காய்ச்சல் அடிக்கணும். உள்ளே சண்டை நடந்தால்தான் உடம்பு எதிரியின் முகத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளும். நாளைக்குப் பெரியம்மை வந்தால் அடையாளம் கண்டு விரட்டும்" என்று கத்தினேன். வீராயி நிமிரவே இல்லை.

"பிள்ள ஒடம்புக்குள்ள சண்டைய மூட்டிவிட்டுட்டு நீங்க பாட்டுக்குக் குடையப் பிடிச்சிட்டுப் போயிருவீக. மடியில போட்டுக்கிட்டு முழிக்கிறது யாரு, ஆத்தா?"

கறுத்த வடு

அப்போதெல்லாம் ஒரு பிள்ளையின் கொப்புளத்திலிருந்து எடுத்த பாலைத்தான் அடுத்த பிள்ளைக்கு வைப்போம். எடுத்தால் பிள்ளையின் சத்தே போய்விடும் என்று ஊர் பயந்தது. நான் மறுபடி போனபோது, பேச்சியின் கையில் கன்னங்கரேலென்று ஒரு வடு ஆறிக் கிடந்தது. அம்மைப்பால் வடு வெளிறிக் குழிந்திருக்கும். இது வண்ணார் துணியில் குறி போடுகிற சேங்கொட்டையால் சுட்டது. நான் மறுபடி குத்தக்கூடாதென்று அவள் அப்பன் மாயன் செய்த வேலை. சண்டையே நடக்காத இடத்தில் நடுகல் நட்ட மாதிரி.

எங்கள் குத்தலைச் சரிபார்க்கப் பின்னால் வந்த அம்மைப்பால் இன்ஸ்பெக்டரிடம், மறுபடி குத்தியே ஆகவேண்டும் என்று மன்றாடினேன். அவர் குதிரையை விட்டு இறங்கவில்லை.

"தழும்பு இருக்குதில்லம்மா? அது அழகா வேற இருக்கணுமா உங்களுக்கு?"

திறந்த கதவு

கோடையில் பெரியம்மை வந்தது. வேப்பிலைப் படுக்கையில் பேச்சி செத்துப்போனாள். 'குத்தின பிள்ளையே செத்துருச்சு' என்று தெரு முழுக்கக் கதவைச் சாத்தியது. என் கை சரியில்லை என்றார் இன்ஸ்பெக்டர். மாயன் வாயைத் திறக்கவில்லை. அவனை அங்கேயே அறைந்திருப்பேன். அவன் கண்ணைப் பார்த்ததும் கை எழவில்லை.

பூட்டிய வீடுகளுக்கு நடுவே கோபத்தோடு நின்றுகொண்டிருந்தேன். ஒரு கதவு மட்டும் திறந்தது. வீராயி கைக்குழந்தையோடு நடுத்தெருவுக்கு வந்து, எல்லார் வீட்டுக்கும் கேட்கிற குரலில் சொன்னாள்:

"எம் மகளுக்கு இந்தம்மா வச்ச பால நாந்தான் கழுவுனேன். கையில இருந்தது நாங்க சுட்ட சூடு. இங்கன வாங்க, இவனுக்குக் குத்துங்க. காய்ச்ச வரட்டும், நான் முழிச்சிக்கிறேன்."

அந்தக் குழந்தையின் வடு அச்சில் வார்த்ததுபோல் அத்தனை அழகாக விழுந்தது. இன்ஸ்பெக்டர் அதையும் குதிரையை விட்டு இறங்கிப் பார்க்கவில்லை.