ஐயாவுக்குப் போட்ட புது மேடை

கொழும்புத்துறையில் எங்கள் வீட்டின் பின்பக்கம் கடலேரியை ஒட்டியிருந்தது. மாரியில் தண்ணீர் வளவுக்குள் ஏறிவிடும். அதனால் ஐயா அம்மாவைக் கலியாணம் முடித்த புதிதிலேயே பனங்குற்றிகளை நட்டு, உடைந்த வள்ளமொன்றின் பலகைகளை அறைந்து, பின்வாசலோடு ஒரு மேடை போட்டிருந்தார். வலை பொத்துவதும் மீன் வெட்டுவதும் அதில்தான்.

எனக்குப் பதினாறு வயதாகும்போது ஐயாவுக்குப் பார்வை முற்றாகப் போய்விட்டது. தொழில் நின்றது. அதன்பிறகு அவர் ஒருவர் கையையும் பிடிக்காமல் போய்வந்த ஒரே இடம் அந்த மேடைதான். எந்தப் பலகை ஆடும், எங்கே ஆணி துருத்தும் என்று அவர் கால்களுக்குத் தெரியும். விளிம்புவரை நடந்துபோய்க் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருப்பார்.

ஒருநாள் பலகையொன்று முறிந்து, அம்மாவின் கால் முழங்கால்வரை இறங்கிவிட்டது. காயம் ஆற வெகுநாள் எடுத்தது.

"உந்த மேடையை இனி வைச்சிருக்கேலாது ஐயா. பிரிச்சுப்போட்டுப் புதுசாப் போடுவம்," என்றார் அண்ணை.

"ஓம், போடு," என்றார் ஐயா.

அண்ணை முதிரைப் பலகை வாங்கிவந்து, முந்தியதைவிட அகலமாகவும் உயரமாகவும் போட்டார். சீவி இழைத்து வழுவழுப்பாக்கினார். வேலை முடிந்த மறுநாள் காலை ஐயா தனியாக வெளியே வந்தார். நாலைந்து அடி வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். கடல் இருக்கும் பக்கத்தைக் காட்டக் காற்றும் இல்லாத நாள் அது.

"பிள்ளை, கடல் எந்தப் பக்கம்?"

நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

"என்னை உள்ளுக்கை கொண்டுபோய் விடு."

அண்ணை அடுப்படிக்குப் போனார். "அம்மா, பழைய பலகை ரெண்டெண்டாலும் கிடக்கோ? ஓரத்திலை அடிச்சுவிட்டா ஐயாவுக்குப் பிடிபடும்."

"எல்லாத்தையும் எரிச்சுப்போட்டனே தம்பி," என்றார் அம்மா.

பிறகு அண்ணை வாசலிலிருந்து விளிம்புவரை ஒரு கயிறு கட்டினார். ஐயா அதை ஒருமுறை தடவிப் பார்த்தார். "நல்ல வேலைதான். எனக்கு உள்ளுக்கை இருக்கிறதே போதும்," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கொஞ்ச நாளில் அண்ணையே கயிற்றை அவிழ்த்துவிட்டார்.

அதன்பிறகு ஐயா அதிக காலம் இருக்கவில்லை. வீட்டுக்குள் இடம் போதாமல் அவரை மேடையில்தான் கிடத்தினோம். செத்தவீட்டுக்கு வந்தவர்களில் ஒருவர் பலகையைத் தட்டிப் பார்த்து, "நல்ல முதிரை, கனகாலம் கிடக்கும்," என்றார். அண்ணை தலையை மட்டும் ஆட்டினார்.