டெப்லட் இல்லாமல் ஓடாது

பாலாமணிக்கு ரயில் பைத்தியம். இலங்கையில், மாத்தளை டவுனில் சட்டை தைத்துப் பிழைக்கிறவளுக்கு எதற்கு ரயில் என்று யாராவது கேட்டால், "தண்டவாளம் நம்ம ஊரோட முடிஞ்சிருதே, அதுக்கு மேல ஓட்ட ஒரு ஆள் வேணாமா?" என்பாள். மீன் டின்னை வெட்டிப் பொம்மை ரயில் பெட்டி செய்வாள். சட்டைப் பொத்தான்தான் சக்கரம்.

அவளுக்கு வாய்த்த கூட்டாளிகளும் லேசுப்பட்டவர்கள் இல்லை. பலாபத்வலையில் ரேடியோ திருத்தும் கலந்தர் ஒருவர்; பாலாமணிக்கு அவர் 'நானா', அதாவது அண்ணன். நாலந்தாவில் பள்ளிக்கூட கிளார்க் நல்லையா இன்னொருவர். நாடே சண்டையில் கிடக்க, இந்த மூவரும் 'நேற்று வந்த இஞ்சினுக்குப் புதுப் பெயின்ட்' என்று போஸ்ட் கார்டு போட்டுக்கொண்டிருந்தார்கள். போயாவுக்குப் போயா, அதாவது பௌர்ணமி விடுமுறைதோறும், கலந்தரின் கடைக்குள் பொம்மைப் பாதை விரிப்பார்கள்.

போன போயாவில்தான் அந்த அநியாயம் நடந்தது. ஒற்றைப் பாதையில் ஸ்டேஷன் மாஸ்டர் கையால் டெப்லட் என்ற பித்தளை வில்லையை வாங்காமல் எந்த டிரைவரும் வண்டியை எடுக்கமாட்டான். ஒரு பாதைக்கு ஒரு டெப்லட், ஆகவே எதிரே வண்டி வராது. இவர்களும் ஒரு பித்தளை மூடியை டெப்லட்டாக வைத்திருந்தார்கள். கலந்தர் அவசரக்காரர், அதை வாங்காமலே வண்டியை விட்டுவிட்டார். எதிரே நல்லையாவின் சரக்கு ரயில்! இரண்டும் முட்டி மேசைக்கடியில் போய் விழுந்தன. பாலாமணி ஆடித் தீர்த்துவிட்டாள். "முத்துமாரி மேல சத்தியம். டெப்லட் கைக்கு வராம இனி என் வண்டி ஒரு அங்குலம் நகராது."

இந்தப் போயாவுக்குப் பதினொரு மாதம் பாடுபட்டுச் செய்த இஞ்சினைத் தண்டவாளத் துண்டுகளோடு பெட்டியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். வழியில் ராணுவச் செக்பொயின்ட். எல்லாரும் இறங்கி வரிசையில் நின்றார்கள். 1997ஆம் ஆண்டு. தமிழ்ப் பெண், பெட்டி நிறைய வயர், பேட்டரி, மோட்டார். திறந்து பார்த்த ஆமிக்காரன் விசில் ஊதினான். குண்டென்று நினைத்து வரிசை சிதறி ஓடியது.

"ஐயோ, ரயிலுங்க! ரயிலு!" என்று சிங்களத்திலும் தமிழிலும் கத்தினாள். பெட்டியைத் தூரக் கொண்டுபோய் வெடிக்க வைத்துவிடுவார்களோ? பதினொரு மாதம்!

சார்ஜன்ட் வந்தார். அவள் அடையாள அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எல்கடுவ தேயிலைத் தோட்ட லயத்தில் பிறந்தவளுக்கு இந்தியாவா இலங்கையா, எந்த நாடு என்று முடிவாகி அந்த அட்டை கிடைக்கும்போது வயது முப்பத்தெட்டு. அதை யார் கையில் கொடுத்தாலும் திரும்பி வரும்வரை அவளுக்கு மூச்சு வராது.

"ரயில் என்றால் ஓட்டிக் காட்டு" என்றார் சார்ஜன்ட் சிங்களத்தில்.

செக்பொயின்ட் மேசைமேல் தண்டவாளத்தை வட்டமாகப் பூட்டினாள். இஞ்சினை ஏற்றினாள். வயரைப் பேட்டரியில் வைக்கப்போன கை அப்படியே நின்றது.

"ஓட்ட முடியாதுங்க."

"ஏன்?"

"டெப்லட் இல்ல. அது பலாபத்வல கலந்தர் நானாகிட்ட இருக்கு."

பஸ் கண்டக்டர் தலையில் அடித்துக்கொண்டான். சொன்ன பிறகுதான் பாலாமணிக்கே தான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது. ஆனால் சத்தியம் சத்தியம்தானே.

சார்ஜன்ட் அவளையே பார்த்தார். மீசை துடித்தது. பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். "அக்கே, என் அப்பா ரயிலில் கார்ட் வேலை செய்தவர். டெப்லட் இல்லாமல் அவரும் அசையமாட்டார்." தொப்பியை நேராக்கி, விறைப்பாக நின்று, கையிலிருந்த அடையாள அட்டையை இரு கைகளாலும் நீட்டினார். "இந்தாங்க, டெப்லட். லைன் கிளியர்!"

அட்டையை வாங்கி ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு வயரைப் பேட்டரியில் வைத்தாள். இஞ்சின் ஒருமுறை முனகியது, பிறகு கடகடவென்று சுற்றியது. ஓடிப்போனவர்கள் எல்லாரும் திரும்பி வந்து எட்டிப் பார்த்தார்கள். கண்டக்டர்கூடக் கை தட்டினான். விசில் ஊதிய அதே ஆமிக்காரன், இந்த முறை ரயிலுக்காக ஊதினான்.

பலாபத்வலையில் இறங்கியதும் ஓட்டமாய்க் கடைக்குள் நுழைந்தாள். "ஓடிருச்சி! வழியிலயே ஓட்டிட்டேன்!"

கலந்தர் பித்தளை மூடியைத் தூக்கிக் காட்டினார். "டெப்லட் எங்கிட்டதானே இருக்கு? சத்தியத்த மீறிட்டியா தங்கச்சி?" நல்லையாவும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

பாலாமணி அட்டையை எடுத்து இருவர் மூக்குக்கு நேரே ஆட்டினாள். "அரசாங்கமே குடுத்திருச்சி நானா! முப்பத்தெட்டு வருசம் சிக்னல்ல நிக்க வச்சாங்கல்ல? லைன் கிளியராம்!"

கலந்தர் பித்தளை மூடியை ஆணியில் மாட்டிவிட்டு, அந்த அட்டைக்கு ஒரு சலாம் வைத்தார்.