ஆத்தா எடுத்த கண்

கல் கையை விட்டுப் போன அந்த நொடியில் கொளஞ்சியம்மாளுக்கு மனசு நிறைந்து போயிற்று. அந்த நிறைவைத்தான் பிறகு அவளால் மன்னிக்கவே முடியவில்லை.

எண்பத்தேழாம் வருஷம், செப்டம்பர் மாதம். இடஒதுக்கீடு கேட்டு ஊரே தியாகதுருகம் சாலையில் உட்கார்ந்திருந்தது. கூலிக்குக் களைவெட்டப் போகிற அவளும் போனாள். எறும்பை மிதித்தால்கூட உச்சுக்கொட்டுகிறவள் என்று பெயர் எடுத்தவள். வெட்டிப் போட்ட புளியமரத்துக்கு முன்னால் வெள்ளிமலையிலிருந்து இறங்கி வந்த ஜீப் ஒன்று நின்றது. சாமை மூட்டை ஏற்றி வந்த டிரைவர் பச்சமுத்து, மறித்து நின்ற அவளைப் பார்த்துக் கத்தினான்.

“தள்ளு மூதேவி!”

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் புருஷன் தங்கமணி கை ஓங்குமுன் சொல்கிற வார்த்தை அது. அதே இழுப்பு, அதே கரகரப்பு. அவளுக்கு ஜீப் தெரியவில்லை. தங்கமணியின் முகம்தான் தெரிந்தது. பச்சமுத்துவின் இடது கண் போயிற்று.

எறிந்தது யார் என்று போலீஸுக்கு ஊர் சொல்லவில்லை. தனக்குள் மட்டும் காரணம் தேடியது. “கூட்டம் சேந்தா அப்படித்தான், சாராயம் மாதிரி தலைக்கு ஏறிக்கும்” என்றார்கள் வாலிபர்கள். பூசாரி ஒரே போடாகப் போட்டார்: “இவளாவது கல்ல எடுக்கறதாவது! வந்தது ஆத்தா!”

ஊர் அதைப் பிடித்துக்கொண்டது. வெள்ளிக்கிழமைதோறும் மாரியம்மன் கோயிலில் அவளை உட்காரவைத்துக் குறி கேட்டது. கற்பூரத் தட்டோடு தங்கமணி பக்கத்தில் நின்றான். ஆத்தா இறங்கிய உடம்பை எந்தப் புருஷன் அடிப்பான்? அந்தப் பொய்யின் நிழலில் அவள் முதுகு முதன்முறையாக ஆறியது.

ஆனால் அவள் கண்ணை மூடினால் அந்தக் கண் திறந்துகொண்டது. சோற்றுத் தட்டில் பார்த்தது. கிணற்றுத் தண்ணீருக்குள்ளிருந்து பார்த்தது.

மறுவருஷம் ஆடி வெள்ளி. வரிசையில் ஒற்றைக் கண்ணோடு ஒருவன் வந்து நின்றான். பச்சமுத்து! மடியை அவிழ்த்து, வெள்ளியில் செய்த ஒரு ஜோடிக் கண்மலரை அவள் காலடியில் வைத்தான்.

“தாயே, ஆத்தாதான் எங்கண்ண எடுத்துக்கிச்சின்னு சொன்னாங்க. இன்னா தப்பு பண்ணேன்னு தெரியாமயே அழுதுகினு கெடக்கறேன். மிச்சம் இருக்கறதையாவது வுட்டுடச் சொல்லு.”

“மரியாத கம்மியா பேசியிருப்ப” என்றான் தங்கமணி. “ஆத்தா சும்மா எடுப்பாளா?”

அவள் தலையாட்டினால் போதும். பச்சமுத்து பழியைத் தானே சுமந்துகொண்டு மலையேறிப் போய்விடுவான். மறுத்தால் பழைய அடியும் உதையும் திரும்பி வரும். ஐயோ, அந்தப் பேதை என்ன செய்வாள்!

“ஆத்தா இல்லப்பா. நான்தான்.”

“இன்னாடி ஒளர்ற?” தங்கமணி தட்டைக் கீழே வைத்தான்.

“நீ ஒரு தப்பும் பண்ல ராசா. இவரு என்னக் கூப்புடற பேருல நீ கூப்புட்ட. இவருமேல எறிய பயந்து வச்சிக்கினு இருந்த கல்லு, உம்மேல வுழுந்துச்சி.”

பச்சமுத்து கண்மலரைப் பொறுக்கித் துண்டில் முடிந்தான்.

“சாமி எடுத்துதுன்னு நெனச்சிக்கினு இருந்தப்ப மனசு கொஞ்சம் ஆறியிருந்துச்சிம்மா. அதையும் எடுத்துட்டியே” என்று சொல்லிவிட்டுப் போனான்.

வீட்டுக்குள் வந்ததும் தங்கமணி கதவைச் சாத்தினான். “ஊரு முன்னால எம்மானத்த வாங்கிட்டியேடி!” கை ஓங்கியது. இந்தத் தடவை அவள் குனியவில்லை.

“அடி. இங்க ஜீப்பு இல்ல, வேற ஆளு இல்ல. நீ மட்டும்தான் கண்ணுக்குத் தெரியற.”

ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது. அவன் பார்வை அவள் முகத்தில் இல்லை, கீழே இருந்தது. ஓரடி பின்வாங்கினான். தாழ்ப்பாளைத் தடவித் திறந்துகொண்டு வெளியே ஓடினான்.

எதற்கு ஓடுகிறான் என்று அவள் குனிந்து பார்த்தாள். அவளுடைய வலது கையில் அடுப்படி விறகுக் கட்டை இருந்தது. எப்போது எடுத்தாள்? அவளுக்கே தெரியாது. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து அதைக் கீழே வைக்க அவளுக்கு வெகுநேரம் பிடித்தது.