வீடியோவில் இல்லாத சலீம்

சலீம் போய்விட்டான். இன்று காலை அவனுடைய மகன் போன் எடுத்துச் சொன்னான்... ஹார்ட் அட்டாக்.

தொண்ணூறுகளில் கனடாவில், ஸ்கார்பரோவில் கார் சீட் தைக்கிற ஃபாக்டரியில் ஆறு வருசம் ஒரே லைனில் நின்றோம். ஆளைப் பார்த்து ஆபிரிக்கன் என்றுதான் நினைத்திருந்தேன். "இல்லை, நான் அரபு. ஈராக், பஸ்ரா" என்று சிரித்தான்.

எத்தனையோ நூறு வருசத்துக்கு முன்னர் அவனுடைய ஆட்களை ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கப்பலில் கொண்டுவந்தார்களாம். வீட்டில் அரபு தவிர வேறு பாஷை இல்லை. ஆனாலும் எங்கள் லைனுக்குப் பொறுப்பான லீட் ஹாண்ட், அவனும் அரபுக்காரன், சலீமை "அப்து" என்றுதான் கூப்பிடுவான். அடிமை என்று அர்த்தம்.

எனக்குக் கொதி வந்தது. லஞ்ச் ரூமில் லீட் ஹாண்டோடு சண்டைக்கே போனேன். பெரிய நியாயவாதி நான்...

அடுத்த வருசம் மகள் பெரியபிள்ளையாகி, சாமத்தியவீடு. அஜின்கோர்ட்டில் ஹோல். சலீம் கோட் சூட் போட்டு மனைவியோடு வந்தான். எல்லோரையும் போல அவளோடு மேடையில் ஏறி, மகளுக்குப் பக்கத்தில் நின்று வீடியோவுக்குச் சிரித்தான்.

கூடப்பிறந்த அண்ணை என்னை ஒரு மூலைக்கு இழுத்தார். "உந்தக் காப்பிலியை ஏன்ரா மேடையில ஏத்தினனீ? வீடியோக் கொப்பி லண்டனுக்கும் பாரிசுக்கும் போகுதல்லே... நாளைக்குப் பெட்டையைக் கலியாணம் கேட்டு ஆர் வருவினம்?"

காப்பிலி, ஆபிரிக்கர்களுக்கு எங்கள் ஊர் வைத்த வசைப்பெயர். திங்கட்கிழமை வீடியோக்காரத் தம்பிக்கு நானே போன் எடுத்தேன்.

"அவையள் ரெண்டு பேரும் நிக்கிற இடத்தை வெட்டிவிடும் தம்பி."

"அண்ணை, அவர் நல்லா வந்திருக்கிறாரே..."

"வெட்டும்."

இரண்டு கிழமை கழித்து சலீம் ஒரு கொப்பி கேட்டான், பஸ்ராவில் இருக்கிற தாய்க்கு அனுப்ப. அங்கே கலியாண வீடுகளுக்கு அவன் தகப்பனை மேளம் அடிக்க மட்டும்தான் கூப்பிடுவார்களாம். அடித்து முடிய வெளியில் நின்று சாப்பிட்டுவிட்டு வரவேண்டுமாம். குடும்பத்தில் விருந்தாளியாக மேடையில் நின்ற முதல் ஆள் தான்தான் என்று அம்மாவுக்குக் காட்ட வேண்டும் என்றான்.

டேப் பழுதாகிவிட்டது என்றேன்.

"பரவாயில்லை" என்று என் தோளில் தட்டினான். பிறகும் ஒவ்வொரு பெருநாளுக்கும் வீட்டுக்குப் பேரீச்சம்பழம் கொண்டுவந்தான். வெட்கமில்லாமல் வாங்கிச் சாப்பிட்டேன்.

இன்று மகன் போனை வைக்க முதல் கேட்டான். "அங்கிள், உங்கள் வீட்டு ஃபங்ஷன் வீடியோவில் டாட் நின்றாராம்... இருக்கிறதா?"

பழுதாகிவிட்டது என்று இன்றும் சொன்னேன். செத்த வீட்டிலும் பொய்.

நாளை வெக்ஸ்போர்ட் பள்ளிவாசலில் ஜனாசாத் தொழுகை, பிறகு அடக்கம். அந்தப் பிள்ளையின் முகத்தை எப்படிப் பார்ப்பேனோ தெரியவில்லை.

டேப்புக்கு ஒன்றும் நடக்கவில்லை, சலீம். நான்தான் உன்னை வெட்டச் சொன்னேன்.

போய்வா, மச்சான்.