அக்காவின் குரலில் தக்காளி விலை

குரல்வளையில் புற்றுநோய் என்று டாக்டர் சொன்னதும் அக்கா கேட்ட முதல் கேள்வி, "அப்ப செய்திய யாரு வாசிப்பா?" என்பதுதான். மதுரையில் அவர் நடத்திவந்த கேபிள் சேனலில் நான் தொழில்நுட்பப் பொறுப்பில் இருந்தேன். பசுமலையில் படிப்பை முடித்த கையோடு சேர்ந்தவள். முதல் நாள் 'மேடம்' என்றேன். "மேடமாம்ல! அக்கான்னு கூப்பிடு" என்றார்.

கல்யாணம், காதுகுத்து என்று வீடியோ எடுத்துத் தொழிலைத் தொடங்கியவர். "பொம்பளைக்கு எதுக்கு கேபிளு?" என்று சிரித்தவர்களின் வீட்டுக்கும் பின்னாளில் அவருடைய சேனல் போனது. மாலைச் செய்தியை அவரே வாசித்தார். அதன் கடைசியில் இரங்கல் அறிவிப்புகள் வரும். மகன்கள், மருமகள்கள், பேத்தியின் மாப்பிள்ளை வரை ஒருவரையும் விடாமல் வாசிப்பார். அதற்கு முன் அந்த வீட்டுக்குப் போன் போட்டு, யார் மூத்தவர், யார் பெயர் முதலில் வரவேண்டும் என்று விசாரித்துக்கொள்வார். இழவு வீட்டில் ஒரு பெயர் விட்டுப்போனால் பங்காளிகள் பல வருடம் பேசிக்கொள்ள மாட்டார்கள். அவர் வாயால் தங்கள் பெயர் வருவதைக் கேட்க, அழுதுகொண்டிருப்பவர்களும் டிவி முன்னால் வந்து உட்கார்வார்கள்.

அறுவை சிகிச்சையில் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். அக்கா கழுத்தை மெல்லிய துணியால் மறைத்துக்கொண்டு அலுவலகம் வந்தார். சொல்ல வேண்டியதையெல்லாம் போனில் தட்டிக் காட்டினார்.

பழைய பதிவுகளை வைத்துக் கணினியைப் பழக்கினால் அந்தக் குரலைத் திரும்பச் செய்துவிடலாம் என்று நினைத்தேன். தேவையானவற்றை வரிசைப்படுத்திக்கொண்டேன்: இரைச்சல் இல்லாத பதிவு, வாசித்ததன் எழுத்து வடிவம், வேகமான கணினி. செய்திப் பதிவுகள் கிடைக்கவில்லை. இடம் போதாமல் அவ்வப்போது அழித்திருந்தோம். இரங்கல் அறிவிப்புகளை மட்டும் வைத்திருந்தோம். முதலாம் ஆண்டு நினைவு நாளில் போட்டுக் கேட்பதற்காக வீட்டார் பென் டிரைவோடு வந்து வாங்கிப்போவார்கள். இருந்ததை வைத்துச் செய்தேன்.

அக்காவையும் கேமராமேன் அண்ணனையும் உட்காரவைத்து, பரவை மார்க்கெட் விலை நிலவரத்தை ஓடவிட்டேன். அச்சு அசல் அக்கா. ஆனால் தக்காளிக்கு முன் ஒரு சிறு நிறுத்தம். கத்தரிக்காய்க்கு முன் இன்னொன்று. ஒவ்வொரு விலையும் தாழ்ந்து, தழுதழுத்து முடிந்தது.

"ஏத்தா, தக்காளிய எப்பத் தூக்குறாகளாம்?" என்றார் அண்ணன்.

அக்காவின் தோள்கள் குலுங்கின. சத்தமே இல்லாத சிரிப்பு. கண்ணில் நீர் வந்த பிறகும் குலுங்கல் நிற்கவில்லை. அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டார்.

"இரங்கலுக்கு மட்டுமாவது வச்சுக்கலாம்க்கா. அதுக்குச் சரியா இருக்கு" என்றேன்.

அவர் போனில் தட்டிக் காட்டினார். "நான் வீட்டாளுககிட்ட பேசிட்டுத்தான வாசிப்பேன். இது யாருகிட்ட பேசுச்சு? அழிச்சிரு. நீ வாசி."

அழித்துவிட்டேன்.

அன்று மதியம் எழுமலையிலிருந்து ஒரு பெண் போன் செய்தார். அவருடைய அப்பா காலையில் இறந்திருந்தார். அக்காவும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டு, பெயர்களையும் வரிசையையும் விசாரித்து எழுதிக்கொண்டேன்.

"அந்த அக்காதான வாசிப்பாக?"

"அவங்களுக்கு உடம்பு சரியில்லங்க. நான் வாசிக்கிறேன்."

"எங்கம்மா செத்தப்ப அவுகதான் வாசிச்சாக. எனக்கும் அந்தப் புள்ளதான் வாசிக்கணும்னு அப்பா சொல்லிக்கிட்டே இருப்பாரு" என்றார் அந்தப் பெண். பிறகு, "தப்பா எடுத்துக்காதம்மா. வாசிக்க வேணாம். எழுத்து மட்டும் ஓட விட்ரு."

அக்கா கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். நான் எழுதியதைப் பார்த்துப் பெயர்களைத் தட்டினார். ஒவ்வொரு பெயருக்கும் அவர் உதடுகள் அசைந்தன.

மற்ற வீட்டாரும் பின்பு அதையே கேட்டார்கள். செய்தியை நான் வாசித்தேன். இரங்கல் நேரம் வந்ததும் மைக்கை அணைத்துவிடுவேன். அக்கா தட்டிய பெயர்கள் திரையில் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கும்.