படத்தில் இருந்த சடை
சங்கரன்கோவில் பள்ளிக் கபடிப் போட்டியில் தகுதிப் படிவங்களைச் சரிபார்க்க உட்கார்ந்திருந்தார் அந்த அதிகாரி. தலையில் தொப்பி, கழுத்தில் அடையாள அட்டை. படிவத்தில் ஒட்டிய படத்தை ஆளின் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டார்.

நான் பயிற்சி தரும் அணியின் கேப்டன் ஜெயிக்க வேண்டி அன்று காலையில்தான் கோயிலில் மொட்டை போட்டிருந்தாள்.

“படத்துல ரெட்டைச் சடை இருக்கு. இங்கன மொட்டை நிக்குது. ஆள் மாறாட்டம்லா டீச்சர்? விதின்னா விதிதான்,” என்றவர், தொப்பியைக் கழற்றி வழுக்கையைத் துடைத்தார்.

“சார், உங்க கார்டுல சுருட்டை முடிலா இருக்கு?” என்றாள் கேப்டன்.

அட்டையைத் தன் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்து, செல்போன் கேமராவில் வெகுநேரம் பார்த்தார்.

“நியாயந்தாம்மா.”

பட்டியலில் அவள் பெயருக்குக் கீழே தன் பெயரையும் எழுதினார். இரண்டுக்கும் நேரே ‘தகுதியில்லை’ என்று போட்டுவிட்டு எழுந்து போனார்.

கையெழுத்துப் போட ஆளில்லாமல் அன்று போட்டியே நடக்கவில்லை. அவரைத் திட்டுவதா, கும்பிடுவதா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.